நடுவர் கண்ணுக்குத் தெரியாத நிறம்

பிள்ளைகளே, மொன்றியலின் டிசம்பர்ச் சூரியனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காலை ஏழரை மணிக்குத்தான் எழும்பும். மாலை நாலேகாலுக்குள் போய்விடும். பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. வெளியே பனி கொட்டும். கண்காட்சிக்கென்று பட்ஜி வளர்ப்பவர்கள் தங்கள் பறவைகளை ஜோடி சேர்ப்பது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

பட்ஜெரிகார் என்பதன் செல்லப்பெயர் பட்ஜி. முதுகில் கறுப்பு வரிகளும் நீண்ட வாலும் உள்ள சின்னக் கிளி. உங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் இதைப் 'பெருஷ்' என்பார்கள். ஊரில் கடைக்காரர்கள் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்பதும் அநேகமாக இதுதான். இதன் சொந்த இடம் ஆஸ்திரேலியாவின் நடுவே கிடக்கும் வறண்ட நிலம்.

வெயில் மண்ணின் பறவையை ஏன் பனிக்காலத்தில் ஜோடி சேர்க்கவேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். குஞ்சின் காலில் மாட்டும் புதிய ஆண்டு வளையம் ஜனவரியில்தான் புழக்கத்துக்கு வரும். டிசம்பர் தொடக்கத்தில் ஜோடி சேர்த்தால் முதல் முட்டைக்குப் பத்து நாள் அளவில் ஆகும். அடைகாக்க 18 நாள். ஆக, ஆண்டு பிறந்ததும் குஞ்சு வெளியே வரும். கண்காட்சிகள் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் நடக்கும். அதற்குள் அந்தக் குஞ்சு இறகு மாற்றி, முழுப் பறவையாக நிற்கும்.

ஆனால் பட்ஜிக்கு நாட்காட்டி தெரியாதே. ஆஸ்திரேலியக் காட்டில் அது மழையைப் பார்த்துத்தான் குடும்பம் தொடங்கும். மழை பெய்தால் புல் முளைக்கும். புல் விதை பிடித்தால் குஞ்சுக்குச் சாப்பாடு உண்டு. மழை இல்லாத ஆண்டில் கூட்டம் கூட்டமாக வேறு திசைக்குப் பறந்துவிடும். மொன்றியல் வீட்டு பேஸ்மென்டில் இருக்கும் பறவைக்கு 'மழை வந்துவிட்டது' என்று எப்படிச் சொல்வது? விளக்குகளை நேரக் கருவியோடு இணைத்துப் பகலை நீளமாக்குகிறார்கள். தினையையும் ஓட்ஸையும் ஊறவைத்து முளைகட்டிக் கொடுக்கிறார்கள். முளைத்த விதை மழைக்காலச் சாப்பாடு அல்லவா!

மூன்றாவதாக இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1960களில் அமெரிக்காவில் பார்பரா பிராக்வே என்ற விஞ்ஞானி, ஆண் பட்ஜியின் பாட்டைக் கேட்டாலே பெண் பட்ஜியின் உடலுக்குள் முட்டை உருவாகும் உறுப்பு வளரத் தொடங்குகிறது என்று கண்டுபிடித்தார். தொடவேண்டாம், பார்க்கவும் வேண்டாம். காதால் கேட்டால் போதும். ஒரே ஒரு ஜோடியைத் தனி அறையில் வைத்தவர்கள் முட்டைக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதும், பல ஜோடிகளை ஒரே அறையில் வைத்தவர்களுக்குப் பெட்டி பெட்டியாக முட்டை கிடைப்பதும் இதனால்தான். பக்கத்துக் கூண்டுக்காரர் பாடுவதும் கணக்கில் சேரும்.

பட்ஜி கூடு கட்டாது. காட்டில் யூகலிப்டஸ் மரப்பொந்து, இங்கே மரப்பெட்டி. நாள் விட்டு நாள் ஒரு முட்டை வீதம் நான்கு முதல் ஆறு முட்டைகள் இடும். ஒரு முட்டையின் எடை இரண்டு கிராம் சொச்சம். ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து, இருட்டில் சின்ன டார்ச் விளக்கை முட்டையின் அடியில் பிடித்தால், உள்ளே செந்நிற இரத்தக் குழாய்கள் வலைபோல ஓடுவது தெரியும். தெரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது.

மொன்றியல்காரர்களுக்கு இங்கே ஒரு தனிக் கவலை உண்டு. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. குஞ்சு மூச்சு விடுவது அவற்றின் வழியேதான். நீர் ஆவியாகி வெளியேறுவதும் அவற்றின் வழியேதான். பொரிப்பதற்குள் ஒரு பறவை முட்டை தன் எடையில் சுமார் 15 சதவீதத்தை நீராக இழக்கும். அவ்வளவு இழப்பதுதான் நல்லது. பனிக்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக் காற்று அதற்கு மேலும் உறிஞ்சிவிடும். உள் சவ்வு காய்ந்து இறுகினால் குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வர முடியாது. அதனால் பறவை அறையில் ஈரப்பதமூட்டி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும்.

முட்டைகள் நாள் விட்டு நாள் இடப்பட்டதால் பொரிப்பதும் அப்படியே. ஐந்து முட்டை என்றால் மூத்தது கடைக்குட்டியைவிட எட்டு நாள் பெரியது. பறவைக் குஞ்சுக்கு எட்டு நாள் என்பது பெரிய வித்தியாசம். அப்படியானால் கடைக்குட்டி பட்டினி கிடக்குமா? ஜூடி ஸ்டாம்ப்ஸ் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் 1980களில் இதைக் கவனித்து எழுதினார்கள். அப்பா பட்ஜி, அதிகமாகக் கத்திக் கேட்கும் குஞ்சுக்கு ஊட்டுகிறது. அம்மா பட்ஜியோ கூட்டத்தில் சின்னது எது என்று பார்த்து ஊட்டுகிறது.

குஞ்சு ஒரு வார வயதை எட்டும்போது வளையம் மாட்டவேண்டும். கிளியின் காலில் இரண்டு விரல் முன்னே, இரண்டு விரல் பின்னே. முன் விரல்கள் இரண்டையும் நீளமான பின் விரலையும் சேர்த்துப் பிடித்து வளையத்தை நுழைத்து, மிச்சமுள்ள குட்டி விரலை மெல்ல வெளியே எடுத்துவிட வேண்டும். சில நாள் பிந்தினால் நுழையாது. மாட்டிவிட்டால் பிறகு கழலாது. வளர்ப்பவரின் குறியீடு, ஆண்டு, வரிசை எண் மூன்றும் அதில் பொறித்திருக்கும். இதே எண்ணை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, எதிரே அப்பா எண், அம்மா எண், பொரித்த நாள், நிறம், நோய் வந்ததா என்பதையெல்லாம் குறித்துவைப்பார்கள். நான் கேட்டால், கண்காட்சிப் பட்ஜி வளர்ப்பில் மிகப் பெரிய கருவி அந்த நோட்டுப் புத்தகம்தான் என்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

1840இல் ஜான் கூல்ட் என்ற ஆங்கிலேயப் பறவை ஆய்வாளர் ஆஸ்திரேலியாவிலிருந்து உயிருள்ள பட்ஜிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். எல்லாம் பச்சை. எடை 30 முதல் 40 கிராம், நீளம் 18 சென்டிமீட்டர் அளவு. காட்டுப் பட்ஜி இன்றும் அப்படியேதான் இருக்கிறது. கண்காட்சிப் பட்ஜியோ 21 சென்டிமீட்டரைத் தாண்டும். 50, 60 கிராம் இருக்கும். தலை இறகுகள் அடர்ந்து புருவம்போல் கண்ணுக்கு மேலே கவிந்திருக்கும். யாரும் ஊசி போடவில்லை, மருந்து கொடுக்கவில்லை. ஒவ்வொரு ஆண்டும் பெரிய தலை உள்ள பறவைகளையே அப்பா அம்மாவாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்று வைத்தாலும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தலைமுறைகள். சார்லஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலில், முதல் அத்தியாயத்திலேயே புறா வளர்ப்பவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியதும் இப்படித் தேர்ந்தெடுப்பதன் வலிமையைக் காட்டத்தான். அவரே வீட்டில் புறா வளர்த்தார், லண்டன் புறா வளர்ப்போர் சங்கங்களிலும் சேர்ந்தார்.

நிறத்தின் கதை இன்னும் விசித்திரமானது. பட்ஜியின் இறகில் பச்சை நிறமியே கிடையாது! இறகின் உள்ளமைப்பு நுண்ணிய பஞ்சுபோல் இருப்பதால் ஒளியில் நீலத்தை மட்டும் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது. அதன்மேல் மஞ்சள் நிறமி ஒன்று படிந்திருக்கிறது. நீலமும் மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சை. 1880 வாக்கில் பெல்ஜியத்தில் ஒரு நீலப் பட்ஜி தோன்றியது. 1910இல் நீலப் பட்ஜிகளை லண்டனில் காட்சிக்கு வைத்தபோது மக்கள் அதிசயித்துப் பார்த்தார்கள். நீலம் எங்கிருந்து வந்தது? வரவில்லை, மஞ்சள் போய்விட்டது, அவ்வளவுதான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2017இல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். மஞ்சள் நிறமியைச் செய்யும் நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலியில் ஒன்றே ஒன்று!

பச்சை அப்பா அம்மாவுக்கு நீலக் குஞ்சு எப்படிப் பிறக்கிறது என்று நீங்களே செய்து பார்க்கலாம். இரண்டு 25 சதக் காசுகளை எடுங்கள். தலை விழுந்தால் மஞ்சளைச் செய்யத் தெரிந்த மரபணு. கரிபூ மான் விழுந்தால் செய்யத் தெரியாத மரபணு. ஒரு காசு அப்பா, மற்றது அம்மா. இரண்டு பேரும் பார்வைக்குப் பச்சை. ஆனால் ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு மான் ஒளிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சுண்டுங்கள். ஒரு தலையாவது விழுந்தால் பச்சைக் குஞ்சு. இரண்டும் மான் என்றால் நீலக் குஞ்சு. நாற்பது தடவை சுண்டி எழுதிப் பாருங்கள். பத்து அளவில் நீலம் வரும். அந்த 'அளவில்' என்ற சொல்லையும் கவனியுங்கள். ஏழும் வரலாம், பதின்மூன்றும் வரலாம்.

சரி, கண்காட்சி நெருங்குகிறது. பல வாரங்களுக்கு முன்பே வெதுவெதுப்பான தண்ணீரைப் புகைபோல் தெளிக்கத் தொடங்குவார்கள். நனைந்த பட்ஜி தன் வால் தொடங்கும் இடத்தில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியை அலகால் தொட்டு, ஒவ்வொரு இறகாகக் கோதும். பளபளப்பு அப்படி வருகிறது. ஆக, அலங்காரம் செய்வது பறவையேதான். கண்காட்சிக்கு ஓரிரு நாள் முன்பு தெளிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

தொண்டையில் கறுப்புப் பொட்டுகள் சரியாக ஆறு தெரியவேண்டும். பட்ஜிக்குக் கூடுதலாகவே முளைக்கும். மிகையான பொட்டு இறகுகளைச் சின்னச் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். கை தவறி நல்ல பொட்டை எடுத்துவிட்டால் அது திரும்ப முளைக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதைவிட முக்கியமானது பயம் தெளிவது. நடுவர் ஒரு குச்சியோடு வருவார், கூண்டைத் தொடுவார், உற்றுப் பார்ப்பார். பயந்த பறவை கம்பியில் தொற்றிக்கொண்டால் அதன் அழகு எதுவும் தெரியாது. ஆகவே கூட்டை விட்டு வந்த சில வாரங்களிலேயே குஞ்சைக் கண்காட்சிக் கூண்டுக்குள் சும்மா போய்வர விடுவார்கள். பிறகு குச்சியைக் காட்டுவார்கள், வீட்டுப் பிள்ளைகளை வந்து பேசச் சொல்வார்கள். ஆபத்து இல்லாத ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் மூளை அதற்கு அஞ்சுவதை விட்டுவிடுகிறது.

பிரிட்டனில் பட்ஜி வளர்ப்போர் சங்கம் 1925இல் தொடங்கியது. அங்கே எல்லாக் கண்காட்சிக் கூண்டுகளும் ஒரே அச்சு: வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை, இரண்டு தண்டு. கூண்டின்மேல் பெயர் இருக்காது, எண் மட்டுமே. பறவை யாருடையது என்று நடுவருக்குத் தெரியக்கூடாது. ஒரு புது மருந்தைச் சோதிக்கும்போதும் எந்த நோயாளிக்கு எது கொடுத்தார்கள் என்பதை மருத்துவரிடமிருந்து மறைத்துவைப்பது இதே காரணத்துக்காகத்தான்.

நடுவருக்குத் தெரியாதது இன்னொன்றும் உண்டு. பட்ஜியின் கண் புற ஊதா ஒளியையும் பார்க்கும். அதன் மஞ்சள் உச்சி புற ஊதாவை வாங்கி மஞ்சளாக ஒளிர்கிறது. 2002இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வில், கேத்ரின் ஆர்னல்டும் தோழர்களும் சில பட்ஜிகளின் தலையில் வெயில் காப்புக் களிம்பைத் தடவினார்கள். நமக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் எதிர்பாலின பட்ஜிகள் அவற்றின் பக்கம் வருவது குறைந்துவிட்டது! நாம் ஆசை ஆசையாய் உருவாக்கிய நீலப் பட்ஜிக்கு அந்த மஞ்சள் நிறமியே இல்லை. ஆகவே அந்த ஒளிர்வும் இல்லை.

2019இல் அதே இதழில் சீன, டச்சு விஞ்ஞானிகளின் ஆய்வு ஒன்று வந்தது. ஒரு பெண் பட்ஜியிடம் இரண்டு ஆண்களைக் காட்டி, அது யார் பக்கம் அதிக நேரம் இருக்கிறது என்று பார்த்தார்கள். பிறகு, அது விரும்பாத ஆணுக்கு மட்டும் புதிர்ப்பெட்டி திறக்கப் பழக்கினார்கள். அந்த ஆண் பெட்டியைத் திறந்து தீனி எடுப்பதை நேரில் பார்த்த பிறகு, பெண் பட்ஜி மனத்தை மாற்றிக்கொண்டது. இங்கே மொன்றியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த லூயி லெஃபெவ்ர், பறவைகள் இரை தேடப் புது வழி கண்டுபிடித்த செய்திகளைப் பல நாட்டு இதழ்களிலிருந்து திரட்டி ஒப்பிட்டவர். அவர் பட்டியலில் காகக் குடும்பம் முன்வரிசையில் இருக்கிறது. பறவையின் அறிவை அளக்க முடியும் என்பதை இப்படிப்பட்டவர்கள் காட்டியிருக்கிறார்கள். கண்காட்சி மதிப்பெண் தாளில் மட்டும் அதற்கு இன்னும் இடமில்லை.

தலையின் அழகை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அதற்கு விலை உண்டு. இறகு மிகவும் அடர்ந்த ஜோடிகளுக்குக் கருக் கூடாத முட்டைகள் அதிகம். அதனால் ஜோடி சேர்க்குமுன் வாலடி இறகுகளைக் கத்தரித்துவிட வேண்டியிருக்கிறது. எப்போதாவது, இறகு வளர்வது நிற்காத ஒரு குஞ்சு பிறக்கும். உடல் முழுதும் சுருண்டு நீண்டு மூடிக்கொள்ளும். கண் தெரியாது, பறக்காது, ஓராண்டுகூடப் பிழைப்பது அரிது. நீல நிறத்தைப் போலவே, அப்பா அம்மா இருவரிடமும் மறைந்திருக்கும் மரபணு ஒன்றுசேரும்போது இது வருகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அப்போது நோட்டுப் புத்தகம் வெளியே வரும். அப்பா எண், அம்மா எண் இரண்டும் அடிக்கோடு. முதல் பரிசு வாங்கிய பறவையாக இருந்தாலும் நல்ல வளர்ப்பாளர் அதற்கு இனி ஜோடி தரமாட்டார். அது சாப்பிட்டுப் பாடி விளையாடிக்கொண்டு இருக்கட்டும். கூடப் பிறந்த, பார்வைக்கு நலமான குஞ்சுகளை என்ன செய்வது? உங்கள் காசுப் பட்டியலை எடுங்கள். இரண்டும் மான் விழுந்தவற்றை அடித்துவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள். மூன்றில் இரண்டு பங்கில் ஒரு மான் ஒளிந்திருக்கும். அந்தக் குஞ்சுகளின் எண்களையும் அவர் அடிக்கோடிடுவார்.