போதவில்லை என்று சொல்லிக்கொண்டே குடிக்கும் கார்

கல்பாக்கத்தில் 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய சோதனை அதிவேக ஈனுலையில் வெப்பத்தைச் சுமந்து செல்வது தண்ணீரல்ல, திரவ சோடியம். அதில் ஆக்சிஜன் கூடினால் எஃகுக் குழாய்கள் அரிக்கப்படும். அந்தச் சிறு கலப்பை அளக்க, இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்து வேதியியலாளர்கள் இட்ரியா கலந்த தோரியாப் பீங்கானில் சென்சார்களை உருவாக்கினார்கள். பக்கத்திலுள்ள அணுபுரம் குடியிருப்பிலோ புதுப்பட்டினம் கடைத்தெருவிலோ நிற்கும் பெட்ரோல் கார்களின் சைலன்சர் குழாயிலும் இதே இனத்துப் பீங்கான் ஒன்று செருகப்பட்டிருக்கிறது. அங்கே தோரியா, இங்கே சிர்கோனியா, தத்துவம் ஒன்றுதான்.

டாஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் படம் எரிந்து, கூடவே மைலேஜும் குறைந்தால், பழி பெரும்பாலும் இந்தப் பீங்கான் துண்டின் மேல்தான் விழுகிறது. ஸ்கேனரில் ஒரு எண் வரும். ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்பார்கள். சில ஆயிரம் ரூபாய் செலவில் புதியது வரும், ஒரு மாதத்தில் விளக்கு மறுபடி எரியும். சென்சார் பல நேரங்களில் சாட்சி மட்டுமே. சாட்சியைத் தூக்கிப் போட்டுவிட்டால் வழக்கு முடிந்துவிடாது.

அது சொல்லும் சாட்சியம் என்ன? சிர்கோனியாவின் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் எஞ்சின் புகை. சூடு 300 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் ஆக்சிஜன் அயனிகள் பீங்கானுக்குள் நகரத் தொடங்கும். இரு பக்கத்து ஆக்சிஜனுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் சுமார் 0.9 வோல்ட், சிறிதாக இருந்தால் 0.1 வோல்ட். இந்தக் கணக்கு ஜெர்மானிய வேதியியலாளர் வால்தர் நெர்ன்ஸ்ட் 1889-ல் தந்த சமன்பாடு. அவரே பிறகு சிர்கோனியாக் கலவையில் மின்விளக்கும் செய்தார். போஷ் நிறுவனத்தின் சென்சாருடன் வால்வோ கார் சந்தைக்கு வந்தது 1976-ல்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த விகிதத்தை ஒட்டி இருந்தால்தான் சைலன்சர் குழாயில் உள்ள வினையூக்கி புகையிலுள்ள மூன்று முக்கிய நச்சுகளையும் ஒருசேரக் குறைக்கும். ஆகவே காரின் கணினி சென்சாரைப் பார்த்துப் பார்த்து இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டும், குறைக்கும். இந்தத் திருத்தத்துக்கு ஃப்யூவல் ட்ரிம் என்று பெயர். ப்ளஸ், மைனஸ் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. இருபது, இருபத்தைந்தை எட்டிவிட்டால், என்னால் இனி சமாளிக்க முடியாது என்று கணினி விளக்கை எரியவிடும்.

இங்கேதான் வேடிக்கை. உப்புக்காற்றில் சைலன்சர் குழாய் துருப்பிடித்து, சென்சாருக்கு முன்னால் ஒரு பொத்தல் விழுகிறது என்று வையுங்கள். புகை துடிப்புத் துடிப்பாகப் போவதால், இடையிடையே வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படும். சென்சார் அந்த ஆக்சிஜனையும் சேர்த்து அளக்கும். அது பொய் சொல்லவில்லை. கணினியோ, எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று முடிவுகட்டி மேலும் ஊற்றும். கடைசியில் பி0171 என்ற எண் பதிவாகும். கலவையில் பெட்ரோல் குறைவு என்று அதற்குப் பொருள். கார் அதிகம் குடிக்கிறது, எண்ணோ பெட்ரோல் போதவில்லை என்கிறது! சென்சாரை மாற்றினால் புதியதும் அதே சாட்சியத்தைத்தான் சொல்லும்.

நல்ல மெக்கானிக் எண்ணோடு நிற்க மாட்டார். ஸ்கேனரை மாட்டியபடியே ட்ரிம் கணக்கைப் பார்ப்பார். ஐடிலில் அதிகமாக இருந்து, 2500 ஆர்பிஎம்மில் சரியாகிவிட்டால், எஞ்சினுக்குள் காற்று போகும் பாதையில் ஏதோ ரப்பர் குழாய் வெடித்திருக்கிறது. வேகத்திலும் ஏற்றத்திலும் அதிகமானால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், காற்றளவு சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். இதற்குச் சிக்னல் தொல்லை குறைந்த கிழக்குக் கடற்கரைச் சாலையைவிட வசதியான சோதனைக்கூடம் கிடையாது. கடலோரக் கார்களில் கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று முதலில் கழற்றிப் பார்ப்பது நல்லது. காசும் ஆகாது.

குடியிருப்பிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து கடை என்று இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காருக்குத் தனித் தொல்லை உண்டு. எஞ்சின் சூடாகும்வரை கணினி கூடுதல் பெட்ரோல்தான் கொடுக்கும். இதில் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சின் உரிய சூட்டை எட்டவே திணறும், பி0128 என்ற எண் வரும். நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்று கழற்றிப் போடும் பழைய பழக்கம் இன்னும் இருக்கிறது. இன்றைய கார்களுக்கு அது கெடுதல்.

மைலேஜைக் குறைக்கும் பல காரணங்களுக்கு விளக்கு எரியவே எரியாது என்பதையும் சொல்ல வேண்டும். டயரில் காற்று குறைந்தால் எரியும் விளக்கு வேறு. துருவேறிச் சிக்கிய பிரேக் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாலும் எஞ்சின் விளக்கு சும்மா இருக்கும். 80-லிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்குப் போனால் காற்றின் எதிர்ப்பு 56 சதவீதம் கூடும். ஏர் ஃபில்டரைத் தட்டினால் மைலேஜ் கூடும் என்பது கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. காற்றை அளந்து பெட்ரோல் விடும் கார்களில் அடைத்த ஃபில்டர் இழுவையைத்தான் குறைக்கும்.

அடுத்தது எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. இருபது சதவீத எத்தனாலால், பழைய வடிவமைப்புக் கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. லிட்டருக்கு 16 ஓடிய கார் 15 ஓடினால் எரிபொருளைச் சொல்லலாம். 11 ஓடினால் சொல்ல முடியாது, காரில் கோளாறு. இ20-க்காகக் கணினி செய்யும் திருத்தமும் பத்து சதவீதத்துக்குள் அடங்கிவிடுவதால், விளக்கு எரிவதற்கும் அதை மட்டும் காரணமாக்க முடியாது.

விளக்கு நிலையாக எரிந்தால் வண்டியை மெதுவாக ஓட்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம். விட்டுவிட்டு மினுக்கினால், எரியாத பெட்ரோல் வினையூக்கியில் போய் விழுகிறது என்று அர்த்தம்; ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டியதும் "அழிச்சிடட்டுமா சார்?" என்று கேட்டால், உடனே தலையாட்டாதீர்கள். கோளாறு பதிவான நொடியில் இருந்த வேகம், சூடு, ட்ரிம் எல்லாம் எண்ணோடு சேர்ந்து அழிந்துவிடும். முதலில் அத்தனையையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.