வக்கீல் இல்லாமல் ஒரு தந்தை

குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைத்து வாதாடுவது யாருக்கும் உரிமை அல்ல. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் 13-ஆவது பிரிவில் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. கணவனும் மனைவியும் தாங்களே நீதிபதியிடம் பேசட்டும். சட்ட நுணுக்கம் தேவைப்பட்டால் நீதிமன்றமே ஒரு வழக்கறிஞரை 'நீதிமன்ற நண்பராக' அமர்த்திக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு.

நடைமுறை வேறு. அனுமதி மனு போட்டு இரு தரப்பும் வக்கீலோடு வருவதே வழக்கமாகிவிட்டது. சட்டம் சொன்னபடி தனியாக வந்து நிற்பவர்தான் அங்கே திணறுகிறார். இது விசித்திரம்தான்.

தனியாக நிற்பவர்களில் தந்தையருக்கு ஒரு கூடுதல் குறை உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் கிடைக்கும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் போன்றோரும் அந்தப் பட்டியலில் உண்டு. அதில் வராத ஆணுக்கு வருமான வரம்புதான் ஒரே வாசல். வீட்டுக் கடன், ஜீவனாம்சம் எல்லாம் போக மிச்சம் எதுவும் இல்லாத மாதச் சம்பளக்காரர் அந்த வரம்பைத் தாண்டிவிட்டால், வக்கீல் கட்டணத்தைத் தானே கட்ட வேண்டும். முடியாவிட்டால் தானே வாதாட வேண்டும்.

அப்படி வருபவர் பெரும்பாலும் தவறான இடத்தில் வாதத்தைத் தொடங்குகிறார். 'நான்தான் இயற்கைப் பாதுகாவலன்' என்கிறார். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் தந்தையைத்தான் முதலில் வைக்கிறது, உண்மை. ஆனால் அதே சட்டம் ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கட்டும் என்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையின் நலனை வைக்கிறது. நீதிபதிக்குத் தெரிய வேண்டியது வேறு: பள்ளியில் விடுவது யார், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடுவது யார், தந்தை வேலைக்குப் போனபின் வீட்டில் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? இதற்கெல்லாம் ரசீதும் சாட்சியும் வேண்டும். இன்னொன்றையும் பலர் தவறவிடுகிறார்கள். பிரதான வழக்கு முடியக் காத்திராமல், குழந்தையைப் பார்க்க இடைக்கால மனு போடலாம். யஷிதா சாஹு வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் நேரில் பார்ப்பதோடு, தொலைபேசியிலும் வீடியோ அழைப்பிலும் பேசுவதை வலியுறுத்தியது. இதைக் கேட்காமலேயே வாய்தா வாய்தாவாக அலைந்துவிட்டு, 'கோர்ட்டே பெண்கள் பக்கம்' என்று சலித்துக்கொள்வதில் பாதிதான் நியாயம் இருக்கிறது.

ஜீவனாம்சத்தில் நிலைமை கொஞ்சம் மேல். உச்ச நீதிமன்றத்தின் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பின், 2020 முதல், இருவருமே வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும்.

நியாயத்துக்கு மறுபக்கமும் உண்டு. தானே வாதாடும் கணவர், தன் மீது அடி உதைப் புகார் சொல்லும் மனைவியைத் தானே குறுக்கு விசாரணை செய்யலாமா? இங்கிலாந்து 2021-இல் குடும்ப வன்முறைச் சட்டம் கொண்டுவந்து, ஆதாரமுள்ள வழக்குகளில் அதைத் தடுத்தது; கேள்வி கேட்க நீதிமன்றமே ஒரு வழக்கறிஞரை நியமிக்கலாம். நம் குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் அத்தகைய தடை இல்லை. அநாகரிகமான, அவமதிக்கும் கேள்விகளைத் தடுக்கும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு, அவ்வளவே. 13-ஆவது பிரிவின் 'நீதிமன்ற நண்பர்' இங்கே இருவருக்குமே உதவுவார். அவரை அழைக்கத்தான் நம் நீதிமன்றங்கள் தயங்கக் கூடாது.

வக்கீல் இல்லாமல் வழக்கு நடத்துபவர்கள், நீதிமன்ற நண்பரை நியமிக்கக் கோரி மனு கொடுத்துப் பார்க்கலாம். வருமான வரம்புக்குள் இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இறுதித் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யக் குடும்ப நீதிமன்றச் சட்டம் தரும் அவகாசம் 30 நாள்.