லயத்திலிருந்து ஜெர்மனிக்கு – 9: இருபத்தைந்து கிராம்

ஜெர்மனி மாணவர் விசாவுக்காக ஓராண்டுச் செலவுப் பணம் 11,904 யூரோவை முடக்குக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். பகாவ், தம்பின், போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டக் குடும்பங்கள் அதை எப்படித் திரட்டுகின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், அப்படிப் போய்ச் சேர்ந்த ஒரு பையன் ராத்திரியில் அனுப்பிய கேள்வி.

"அங்கிள், கூடப் படிக்கிறவங்க கஞ்சா சங்கத்துல சேரப் போறாங்க. நானும் சேரலாமா? அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

வயது 19. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். நான் சொல்லவில்லை.

சங்கம் என்றதும் புகை மண்டிய இருட்டறை என்று நினைத்துவிட வேண்டாம். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் பெரியவர்கள் கஞ்சா வைத்திருக்கலாம். ஜூலை 1 முதல் சங்கங்கள் உரிமம் கேட்கலாம். ஒரு சங்கத்தில் 500 உறுப்பினர்கள் வரைதான். செடியை அவர்களே வளர்க்க வேண்டும். லாபம் பார்க்கக் கூடாது, விளம்பரம் கூடாது. பள்ளிக்கூட வாசலிலிருந்து 200 மீட்டருக்குள் சங்கம் இருக்கக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், சங்கத்துக்குள்ளேயே யாரும் புகைக்கக் கூடாது! ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 கிராம், மாதத்துக்கு 50 கிராம். 21 வயதுக்குக் கீழே இருந்தால் மாதம் 30 கிராம்தான். அதிலும் போதைச் சத்து 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கூட்டுறவுக் கடையின் பங்குப் புத்தகம் போல எல்லாம் பதிவேடு, எடை, கையெழுத்து.

அதே 25 கிராமோடு சிரம்பானில் பிடிபட்டால்? மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 39ஏ பிரிவு: 20 கிராமிலிருந்து 50 கிராமுக்குள் என்றால் 2 முதல் 5 ஆண்டு சிறை, 3 முதல் 9 பிரம்படி. 200 கிராமை எட்டினால் கடத்தல் என்றே சட்டம் அனுமானித்துக்கொள்ளும். 2023க்குப் பிறகு தூக்கு கட்டாயமில்லை, ஆயுள் சிறையும் விதிக்கலாம். பக்கத்துச் சிங்கப்பூரில் 2023 ஏப்ரலில் தங்கராஜு சுப்பையாவைத் தூக்கிலிட்டார்கள்; வழக்கில் இருந்த கஞ்சா ஒரு கிலோவுக்குச் சற்று மேல்.

சட்டம் இப்படி என்றால், உரிமம் பெற்ற போதை நம் தோட்டத்துக்குப் புதிதா? நிர்வாகத்தின் கண்காணிப்பிலேயே தோட்டத்துக் கள்ளுக்கடை நடந்தது. அரசு உரிமம் கொடுத்தது. பால்மரம் சீவியவரின் கூலியில் ஒரு பங்கு மாலையில் அந்தக் கடைக்கே போனது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் போன்றோரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடு என்றும் கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்றார்கள். அது நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, நாதன் நாடு கடத்தப்பட்டார். பின்னர் கெடாவில் தொண்டர் படை எழுந்ததும் கள்ளுக்கு எதிராகத்தான்.

குடித்தவர் கணக்கை அன்று துரை வைத்திருந்தார். ஜெர்மன் சங்கத்தில் கணக்கு உறுப்பினர்களுடையது. இந்த வித்தியாசத்துக்காகவே அந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு மரியாதை உண்டு. இருந்தும் பையனிடம் வேண்டாம் என்றேன். காரணம் ஒழுக்கமல்ல, பயணச் சீட்டு. தீபாவளிக்கு அவன் வீட்டுக்கு வருவான். தொடர்ந்து புகைப்பவரின் சிறுநீரில் அதன் தடயம் வாரக்கணக்கில் நிற்கும். இங்கே சந்தேகத்தின் பேரில் போலீஸ் சிறுநீர்ப் பரிசோதனை செய்யலாம். புகைத்த குற்றத்துக்கு 15ஆம் பிரிவில் 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. அங்கே புகைத்ததுதான் என்று லாக்கப்பில் நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். பையின் மூலையில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தால் அது வேறு வழக்கு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வழக்கறிஞர் கிடைப்பார். இவன் அப்பா இன்னும் கடன் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இதையெல்லாம் நீளமாக எழுதி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது.

"சரி அங்கிள். எப்படியும் இப்ப சேர முடியாதாம். ஜெர்மனியில குறைஞ்சது ஆறு மாசம் குடியிருந்திருக்கணுமாம். நான் வந்து நாலு மாசம்தானே ஆச்சு."

அடுத்த வாரம்: ஆண்டுக்கு 140 நாள் வேலை, மாணவர்கள் எங்கே, எவ்வளவுக்கு உழைக்கிறார்கள்?