தவ்பூ வேண்டாம் என்ற கடை

ஈப்போவில் ஐக்கியா கிடையாது. அலமாரி வேண்டுமென்றால் வடக்கே பத்து காவானுக்கோ தெற்கே டாமன்சாராவுக்கோ காரை விட வேண்டும். கூட வருபவர்கள் மீட்பால் வரிசைக்கு ஓடுவார்கள். நான் விலைச்சீட்டைக் கண்ணருகே வைத்துக்கொண்டு நிற்பேன். வீட்டில் திட்டு விழும், விழட்டும். அந்தச் சீட்டில் உள்ள எழுத்தின் வடிவத்துக்குப் பின்னால் எவ்வளவு பெரிய ரகளை நடந்திருக்கிறது தெரியுமா?

முதலில் பெயர். 1943இல் கடையைத் தொடங்கிய இங்வார் காம்ப்ராடின் பெயருக்கு இரண்டு எழுத்து, அவர் வளர்ந்த பண்ணை எல்ம்டாரிட்டுக்கு ஒன்று, அகுன்னாரிட் என்ற ஊருக்கு ஒன்று. ஊர்ப் பெயரை இனிஷியலாக வைத்துக்கொண்ட நம் தோட்டத்துத் தாத்தாக்களின் அதே கணக்கு!

வெகுகாலம் அவர்கள் எழுதியது ஃபியூச்சுரா. 1927இல் பால் ரென்னர் கொடுத்த ஜெர்மன் எழுத்துரு. அதன் ‘ஓ’ காம்பஸ் வைத்துச் சுழற்றிய வட்டம் மாதிரி இருக்கும். அதைக் கொஞ்சம் திருத்தித் தங்களுக்கென்று வைத்திருந்தார்கள். 2009 ஆகஸ்டில் புதுக் கேட்டலாக்கைப் பிரித்தால், பக்கத்துக்குப் பக்கம் வெர்டானா! வடிவமைப்பாளர்கள் பொங்கிவிட்டார்கள். இணையத்தில் எதிர்ப்பு மனு, ஆயிரக்கணக்கில் கையெழுத்து. மஞ்சள் லோகோவை யாரும் தொடவில்லை என்பதுதான் வேடிக்கை.

பட்டறைக்குள் எட்டிப் பார்ப்போம். 1996இல் மைக்ரோசாஃப்டுக்காக வெர்டானாவைச் செய்தவர் மேத்யூ கார்ட்டர். வழக்கமாக எழுத்தை வரைந்துவிட்டுத் திரையின் புள்ளிகளுக்குள் திணிப்பார்கள். இவர் தலைகீழ்: முதலில் புள்ளிகளை அடுக்கினார், அப்புறம்தான் அவற்றைச் சுற்றிக் கோடு போட்டார். அதனால்தான் எழுத்துக்கு நடுவே அவ்வளவு காற்றோட்டம். ஒன்று என்ற எண்ணும் சின்ன ‘எல்’லும் குழம்புவதில்லை. பழைய கணினித் திரையில் தேன். ஆளுயரப் போஸ்டரில்? பையனுக்கு அப்பா சட்டை. காகிதத்துக்கும் திரைக்கும் எல்லா நாட்டுக்கும் ஒரே எழுத்து வேண்டும் என்றது கம்பெனி. நியாயம்தான், ஆனாலும் நான் ஃபியூச்சுரா கட்சி.

2019இல் மறுபடி மாற்றம்: நோட்டோ. பத்து காவான் கடை திறந்ததும் அதே ஆண்டுதான். கூகுளும் மோனோடைப்பும் சேர்ந்து செய்த நோட்டோ, உலகத்து மொழிகளையெல்லாம் ஒரே சாயலில் எழுத வந்தது. பெயருக்கு அர்த்தம் ‘இனி தவ்பூ இல்லை’! எழுத்துரு இல்லாத கணினி காட்டும் வெறும் கட்டங்களுக்குத் தொழிலில் தவ்பூ என்று பெயர். முன்பு என் கைப்பேசிக்கு வந்த தீபாவளி வாழ்த்தெல்லாம் அப்படித்தான், வரிசையாகத் தவ்பூ. நோட்டோவில் தமிழ் உண்டு. ஆழாக்கு, உழக்கு போன்ற பழைய அளவைக் குறிகள்கூட உண்டு.

தவ்பூபா என்ற தவ்பூ இனிப்புக்குக் காலையிலேயே வரிசை கட்டும் ஈப்போவில் நின்றுகொண்டு இந்தப் பெயருக்கு எப்படிக் கைதட்டுவது?