தங்காக் அஞ்சலகமும் என் பயணப் பையும்

தங்காக் என்றால் ஜொகூர்க்காரர்களுக்குத் துணிக்கடைகள்தான் நினைவுக்கு வரும். எனக்கு அது ஓர் எழுத்தாளரின் ஊர். மா. இராமையா அங்கேதான் வாழ்ந்தார். அஞ்சல் துறையில் வேலை பார்த்தார். பகலெல்லாம் பிறர் எழுதிய கடிதங்களுக்கு நடுவே இருந்துவிட்டு, மிஞ்சிய நேரத்தில் தன் கதைகளை எழுதினார்.

1953இல் அவரும் மா. செ. மாயதேவனும் சேர்ந்து ‘இரத்ததானம்’ என்ற சிறுகதைத் தொகுப்பை வெளியிட்டார்கள். அந்த ஆண்டை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க 1948இல் தொடங்கிய மலாயா அவசரகாலம் 1960 வரை நீடித்தது. ஜொகூரின் உட்பகுதிகளில் அதன் பிடி கடுமை. முள்வேலி, ஊரடங்கு, பாலம் பாலமாகச் சோதனை. சந்தேகம் விழுந்த ஊர்களில் அரிசியைக்கூட அளந்துதான் தந்தார்கள். இருட்டிய பிறகு வெளியே கால் வைக்க முடியாத அந்தக் காலத்தில்தான் இங்கே தமிழில் கதைத் தொகுப்பு வந்தது. இதை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லித் தருகிறோமா?

எழுத்தாளரால் நகர முடியவில்லை. எழுத்து நகர்ந்தது. சுமந்தது அஞ்சல். 1950 வாக்கில் தமிழ் நேசன் நடத்திய கதை வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் பத்திரிகை வழியாகவே கதை எழுதக் கற்றுக் கொடுத்தார்கள். படித்தவர்கள் எழுதிப் பழகித் தாளை உறையில் இட்டு அனுப்பினார்கள். தெற்கே சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு நாளிதழ் மாணவர்கள் எழுத மணிமன்றம் என்ற பகுதியை நடத்தியது. ஜொகூர்க்காரருக்கு இரண்டு வாசலும் திறந்திருந்தன. 1924இல் முறையாகத் திறக்கப்பட்ட தாம்போதிப் பாலத்துக்கு அக்கரைதானே சிங்கப்பூர்.

ரப்பர் தோட்டத்துக்கு வரும் ஒரு பத்திரிகைப் பிரதி ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, ரப்பர் மரம் வெட்டி, பால் எடுத்துத் திரும்பியவர்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்பார்கள். படிக்கத் தெரியாதவரும் வாசகராக இருந்தார். தங்காக்கில் இருந்தவரின் கதை இப்படித்தான் அவர் கண்ணால் காணாத தோட்டங்களையெல்லாம் சுற்றி வந்தது.

அந்த வழிகள் ஒவ்வொன்றாக மூடின. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டுபோடப்பட்டு விற்கப்பட்டன. பின்னர் ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. லயத்து மக்கள் மாசாய், ஸ்கூடாய், பாசீர் கூடாங் என்று பிரிந்தார்கள். 1965இல் சிங்கப்பூர் தனி நாடானது. சில ஆண்டுகளில் ஒரு நாட்டின் நாளிதழ் மற்ற நாட்டில் விற்பனைக்கு வருவதும் நின்றுபோனது. 1924 முதல் வந்துகொண்டிருந்த தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றது. அதே ஆண்டில் இராமையாவும் மறைந்தார். கதைகளை எழுதியதோடு நிற்காமல் இந்த நாட்டுத் தமிழ் இலக்கியத்தின் வரலாற்றையும் தேடித் தொகுத்து வைத்தவர் அவர். அது இல்லாவிட்டால் இன்று பாதிப் பெயர்கள் நமக்குத் தெரிந்திருக்காது.

நான் ஜொகூர் பாருவில் இருந்து எழுதுகிறேன். பயணம் போகிறேன், போன இடத்தை எழுதுகிறேன், நானே அச்சுக்குக் கொடுத்து நானே விற்கிறேன். ஏ. கே. செட்டியார் 1955இல் ‘மலேயா முதல் கனடா வரை’ என்று ஒரு பயண நூல் தந்தார். அந்தத் தலைப்பில் பயணம் நம் மண்ணில் தொடங்குவது எனக்குச் சிறுவயதிலேயே பெருமையாக இருந்தது. பிறகு சை. பீர்முகம்மதுவைப் படித்தேன். இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய் எழுதியவர், ஊரில் சிதறிக் கிடந்த சிறுகதைகளையெல்லாம் திரட்டி ‘வேரும் வாழ்வும்’ தொகுதிகளாகக் கொண்டுவந்தவர். பயணமும் புத்தகமும் ஒரே வேலைதான் என்று எனக்குக் காட்டியவர் அவர்.

இன்று என் கையில் இருக்கும் வசதியை அவர்கள் காலத்தில் யாரும் கனவு கண்டிருக்க மாட்டார்கள். அதில் ஒரு பங்கு மலேசியத் தமிழரின் சொந்த உழைப்பு. முத்து நெடுமாறன் 1985இல் கணினியில் தமிழ் எழுதும் முரசு மென்பொருளைத் தொடங்கினார். 2005இல் செல்லினம் வந்து கைப்பேசியில் தமிழ் எழுத வழி திறந்தது. பேருந்தில் உட்கார்ந்தபடி ஓர் அத்தியாயத்தை முடிக்கிறேன். மின்நூலாக ஏற்றினால் அன்றே டொரோண்டோவில் படிக்கலாம். மின்ரயில் 2025 டிசம்பரில் ஜொகூர் பாரு வரை வந்துவிட்டது. 1967இல் சுல்தான் இஸ்மாயில் பாலம் திறக்கும்வரை மூவார் ஆற்றைக் கடக்கப் படகுக்குக் காத்திருந்த தலைமுறையை நினைத்தால், நாலரை மணி நேரத்துக்குள் கோலாலம்பூரில் இறங்குவது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

ஆனால் புத்தகம் தானாக எங்கும் போவதில்லை. நான் போனால்தான் அது போகிறது. வெளியீட்டு விழாவில் மண்டபம் நிறைகிறது, பிரமுகர் முதல் நூலைப் பெறுகிறார், அன்பளிப்பு உறைகள் கைமாறுகின்றன. அந்த உறைகளால் அச்சகத்துக் கடன் அடைகிறது என்பதற்கு நன்றி உண்டு. அப்படி வாங்கிய பிரதிகளில் எத்தனை பிரித்துப் படிக்கப்பட்டன என்ற கவலை மட்டும் வீடு வரை கூட வரும். அதனால் தமிழ்ப்பள்ளி விழா, கோயில் திருவிழா, குளுவாங், சிகாமட், பத்து பகாட் என்று பையைச் சுமந்து போகிறேன். வெளியூர் வாசகர்களுக்கு நானே பொதி கட்டி அஞ்சலில் சேர்க்கிறேன். முகவரி எழுதும்போதெல்லாம் தங்காக் நினைவு வரும்.

போன ஆண்டு லாபிஸ் பக்கம் அழிந்துபோன ஒரு தோட்டத்தைப் பற்றி எழுதி, அச்சுக்குப் போகுமுன் ஒரு பகுதியைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டேன். மறுநாள் விடியுமுன் குரல் பதிவு ஒன்று வந்தது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர், பேருந்துக்கு வரிசையில் நின்றபடி பேசியிருந்தார். பின்னால் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல்.

“அண்ணே, கெணறு மேக்கால இல்ல. கெழக்கால, ஆயாக் கொட்டாய்க்குப் பின்னால. நான் அங்கதான் பொறந்தேன்.”

திருத்தினேன். புத்தகம் வந்ததும் ஒரு பிரதி கேட்டார். அவருக்கு இல்லை, அம்மாவுக்கு. அம்மாவுக்குக் கைப்பேசியில் படிக்கக் கண் ஒத்துழைக்காதாம். ஸ்கூடாயில் அவர்கள் வீடு நாலாவது மாடி. படியேறிப் போய்க் கொடுத்தேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முன்னுரையையும் படத்தையும் தள்ளிவிட்டு, முதலில் கிணறு எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கேட்டார். விரித்துக் கொடுத்தேன். மெல்ல, உரக்கப் படிக்கத் தொடங்கினார். அடுக்களையில் இருந்த மருமகள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள்.