யூனியன்வில்லில் எழும் மாடிகளில் அம்மம்மாவுக்கு ஓர் அறை உண்டா?

யூனியன்வில் என்றதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பழைய மெயின் ஸ்ரீற் கடைத்தெருவும் அதன் பக்கத்துக் குளமும்தான். அதற்குத் தெற்கே, ஹைவே 7ஐத் தாண்டி 407 வரை, வேறோர் ஊர் எழுந்துகொண்டிருக்கிறது. கோ ரயில் நிலையம், 2015 பான் அம் விளையாட்டுகளுக்காகக் கட்டிய அரங்கம், 2024இல் திறந்த யோர்க் பல்கலைக்கழக வளாகம் எல்லாம் அங்கேதான். அவற்றைச் சுற்றி கொண்டோக்களும் ரவுண்ஹவுஸ்களும் எழுகின்றன.

தனிவீட்டு விலை கைக்கெட்டாத நிலையில், எங்கள் பிள்ளைகளில் பலர் வாங்கப்போவது இவற்றைத்தான். ஆகவே இந்தக் கட்டடங்களை எந்த விதிப்படி வடிவமைக்கிறார்கள் என்பது எங்களுக்கு வீட்டு விடயம். பெற்றோரும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாமா என்பதை அந்த விதிகள்தான் தீர்மானிக்கின்றன.

மூன்று வகை விதிகள்

முதலாவது, ஒன்ராறியோ கட்டடச் சட்டக்கோவை. இது மாகாணம் முழுவதற்கும் பொதுவானது, கட்டாயமானது. தீ, காற்று, வெளிச்சம், படிகள் ஆகியவற்றை இது பார்க்கும். இரண்டாவது, மாநகரசபையின் வலயச் சட்டம். உயரம், வீடுகளின் எண்ணிக்கை, எல்லையிலிருந்து விடவேண்டிய தூரம் ஆகியவற்றை இது சொல்லும். மூன்றாவது, வடிவமைப்பு வழிகாட்டிகள். இவை சட்டமல்ல, ஆலோசனை. மாநகரசபை வற்புறுத்தலாம், கட்டுபவர் பேரம் பேசலாம்.

குடும்பத்துக்கு முக்கியமான பல விடயங்கள் மூன்றாவது வகையில்தான் கிடக்கின்றன. சட்டக்கோவையின்படி, சுவர் அலுமாரி இல்லாத பிரதான படுக்கையறை 9.8 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய 105 சதுர அடி இருந்தால் போதும். மற்ற அறைகளுக்கு 7 சதுர மீற்றர். அலுமாரி இருந்தால் இன்னும் குறையலாம். இது ஆகக்குறைந்த அளவு. ஒரு கட்டடத்தில் எத்தனை மூன்று அறை வீடுகள் இருக்கவேண்டும் என்று சட்டக்கோவை கேட்பதில்லை.

ரொறன்ரோ மாநகரசபை 2020இல் ஏற்றுக்கொண்ட ஒரு வழிகாட்டி அதைக் கேட்கிறது. உயர்ந்த கட்டடங்களில் பிள்ளைகள் வளர்வதைப் பற்றியது அது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடத்தில் 10 சதவீதம் மூன்று அறை வீடுகளாகவும், 15 சதவீதம் இரண்டு அறை வீடுகளாகவும் இருக்கவேண்டும் என்கிறது. இரண்டு அறை வீட்டுக்குக் குறைந்தது 87 சதுர மீற்றரும் மூன்று அறை வீட்டுக்கு 100 சதுர மீற்றரும் வேண்டும் என்கிறது. யூனியன்வில் மார்க்கம் மாநகரத்துக்குள் இருப்பதால் இந்த வழிகாட்டி இங்கே கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஒரு வரைபடத்தை மதிப்பிட இது நல்ல அளவுகோல்.

எங்கள் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம்

வீடு போதுமானதா என்று பார்க்க, கனடிய அரசிடம் தேசிய குடியிருப்பு அளவுகோல் ஒன்று உண்டு. அதன்படி தம்பதிக்கு ஓர் அறை. 18 வயதைத் தாண்டிய தனியாளுக்கு ஓர் அறை. 18க்கு உட்பட்ட ஒரே பாலினப் பிள்ளைகள் இருவர் ஓர் அறையைப் பகிரலாம். ஆணும் பெண்ணும் பகிர்வதானால் இருவரும் ஐந்து வயதுக்கு உட்பட்டிருக்கவேண்டும்.

கணவன், மனைவி, 14 வயது மகன், 10 வயது மகள், அம்மம்மா. ஐந்து பேர். இந்தக் கணக்கில் நான்கு அறைகள் வேண்டும். ரொறன்ரோவின் நல்ல வழிகாட்டிகூட மூன்று அறையோடு நிற்கிறது. எங்கள் பக்கத்தில் சாதாரணமான குடும்பம், இந்தக் கட்டடங்களின் கணக்கில் இல்லை.

பெரிய வீடுகள் ஏன் குறைவு? ஒரு காரணம் படிகள். இரண்டு மாடிக்கு மேல் போகும் தொடர்மாடிகளுக்கு இங்கே பொதுவாக இரண்டு வெளியேறும் வழிகள் வேண்டும். இரண்டையும் இணைக்க நடுவில் நீண்ட நடைபாதை வருகிறது. அதன் இருபுறமும் வீடுகள் வரிசையாக அமைகின்றன. மூலை வீட்டைத் தவிர மற்றவற்றுக்கு ஒரு பக்கத்தில் மட்டுமே யன்னல். அறைகளைக் கூட்டினால் சில அறைகள் உள்ளே போய்விடும். வெளி யன்னலில்லாத, கண்ணாடிச் சறுக்குக் கதவு வைத்த படுக்கையறைகள் இப்படித்தான் பிறந்தன. பிரிட்டிஷ் கொலம்பியா 2024இல் ஆறு மாடி வரை, கூடுதல் தீப்பாதுகாப்போடு, ஒற்றைப் படிக்கட்டை அனுமதித்தது. இரண்டு பக்கமும் காற்று வரும் குடும்ப வீடுகளுக்கு அது வழி திறக்கும் என்பது அதை ஆதரிப்போரின் வாதம்.

முழங்கால் வலியும் சட்டமும்

ஒன்ராறியோவில் புதிய தொடர்மாடிகளில் 15 சதவீத வீடுகளுக்கு மட்டுமே தடையற்ற அடிப்படை வசதி கட்டாயம். ரவுண்ஹவுஸ்களுக்கு அதுவும் இல்லை. மூன்று தளம், ஒடுக்கமான படி, படுக்கையறை எல்லாம் மேலே. விலை கொஞ்சம் குறைவு என்று இதை வாங்கும்போது, அப்பாவுக்கு 75 வயதாகும் நாளை யோசிக்கவேண்டும். கீழ்த்தளத்தில் குளியலறையும் ஓர் அறையும் உண்டா என்பது முதல் கேள்வி.

குசினியையும் பாருங்கள். சில கொண்டோக்களில் அடுப்புக்கு மேலுள்ள விசிறி புகையை வெளியே தள்ளாது. வடிகட்டி மூலம் திரும்ப வீட்டுக்குள்ளேயே விடும். மீன் பொரிக்கிற வீட்டுக்கு அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

வடிவமைப்பு மாதக் கட்டணமாக வரும்

கணக்குப் பார்க்கிற எங்களுக்கு இன்னொன்றும் தெரிகிறது. கண்ணாடிச் சுவர், நீச்சல் தடாகம், நிலத்தடி வாகனத் தரிப்பிடம் எல்லாம் ஒருநாள் பழுதாகும். 1998ஆம் ஆண்டின் கொண்டோ சட்டப்படி ஒவ்வொரு கொண்டோவும் சேமநிதி வைத்திருக்கவேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை ஆராயவேண்டும். பழைய கொண்டோ வாங்குமுன் நிலைச் சான்றிதழைக் கேளுங்கள். கட்டணம் அதிகபட்சம் 100 டொலர். பத்து நாளுக்குள் தரவேண்டும். சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது, வழக்கு ஏதும் உண்டா என்று அதில் தெரியும்.

பேசவேண்டிய நேரம்

2022இல் மாகாணம் கொண்டுவந்த சட்டம், பத்து வரையான வீடுகளைக் கொண்ட திட்டங்களைக் காணித்திட்டக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. கட்டடங்களின் வெளித்தோற்றத்தில் மாநகரசபைக்கிருந்த பிடியும் தளர்ந்தது. 2024 ஜூனில் வந்த இன்னொரு சட்டம், வலயச் சட்ட மாற்றங்களுக்கு எதிராக அயலவர் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யும் உரிமையைப் பெரிதும் குறைத்தது. வீடு விரைவாகக் கட்டப்படவேண்டும் என்பதில் எங்களுக்கும் மறுப்பில்லை. ஆனால் முடிவெடுத்த பிறகு கேட்க இடமில்லாததால், முடிவுக்கு முன் நடக்கும் பொதுக்கூட்டம் முன்பைவிட முக்கியமாகிவிட்டது.

வெள்ளை அறிவிப்புப் பலகை நடப்பட்ட காணியைக் கண்டால் நின்று வாசியுங்கள். திட்டமிடல் சட்டப்படி, அந்தக் கூட்டத்துக்கு வருகிற எவருக்கும் பேச இடம் தரவேண்டும். வீட்டு உரிமையாளராகவோ குடியுரிமை பெற்றவராகவோ இருக்கவேண்டியதில்லை. வராதவர்கள் எழுத்தில் கொடுக்கலாம்.

கேட்கவேண்டியவை சில. மூன்று அறை வீடுகள் எத்தனை? எல்லாப் படுக்கையறைக்கும் வெளி யன்னல் உண்டா? தடையற்ற வீடுகள் 15 சதவீதத்தைத் தாண்டுமா? பிள்ளைகள் விளையாட எங்கே இடம்? முதியவர்கள் கூடியிருக்க ஓர் அறை உண்டா? கோவில் சபைகளும் ஊர்ச் சங்கங்களும் இரண்டு பேரை அனுப்பினாலே போதும், இந்தக் கேள்விகள் அறிக்கையில் பதிவாகும். பதிவான கேள்விக்கு மாநகரசபை அலுவலர்கள் ஏதாவது பதில் எழுதவேண்டிவரும்.