ஆன்லைன் செஸ் கிளாஸ்... பணம் கட்டும் முன் இதைக் கவனியுங்கள்!

2024 டிசம்பரில் 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனார் சென்னையின் குகேஷ். செஸ் போர்டைத் தூசி தட்டிய பல வீடுகளில், 'ஆன்லைன் கிளாஸில் சேர்க்கலாமா?' என்ற கேள்வியும் எழுந்தது.

ஆரம்பப் பாடத்துக்குக் கட்டணம் தேவையில்லை. விஸ்வநாதன் ஆனந்துக்கு 6 வயதில் செஸ் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அம்மாதான். இன்று லிசெஸ் தளத்தில் பாடம், புதிர், ஆட்டத்தை அலசும் வசதி எல்லாமே இலவசம். விளம்பரத் தொல்லையும் கிடையாது.

பிறகு கட்டணம் எதற்கு? 'இந்த நகர்வு தவறு' என்று கம்ப்யூட்டர் காட்டிவிடும். ஆனால், குழந்தை ஏன் அப்படி ஆடியது என்று கேட்காது. அவசரமா, எதிராளியின் குதிரையைக் கவனிக்கவில்லையா, ஜெயித்துவிட்டோம் என்ற மிதப்பா? இதைக் கேட்டுத் திருத்துபவர்தான் நல்ல பயிற்சியாளர். எல்லோருக்கும் ஒரே பாடம் நடத்தும் வகுப்பு என்றால், இலவச வீடியோவே போதும்.

சேரும் முன் 3 விஷயங்கள்:

* டெமோ வகுப்பில், குழந்தை தோற்ற ஓர் ஆட்டத்தைக் கொடுத்து அலசச் சொல்லுங்கள்.

* 'ஃபிடே பயிற்சியாளர்' என்று சொன்னால், ஃபிடே இணையதளத்தில் பெயரைச் சரிபாருங்கள்.

* மொத்தமாக ஒரு வருடத்துக்குக் கட்டாதீர்கள், மாதாமாதம் கட்டுங்கள்.

ஒரு மாதம் கழித்து, தான் எங்கே சறுக்கினேன் என்று குழந்தையே சொன்னால் தொடரலாம். கிளாஸ் நேரம் வந்தாலே வயிற்றுவலி என்றால், போர்டை எடுத்து வைத்து நீங்களே எதிரில் உட்காருங்கள்.